இடப்பக்கம் மட்டும்தான் ஒன்று: பிரிட்டனில் கார் ஓட்டத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிரிட்டனுக்குக் குடியேறுபவர்களுக்குக் கார் ஓட்டும் விஷயத்தில் ஒரு வசதி இருப்பதுபோலத் தோன்றும். இங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்து, தயங்கித் தயங்கி ஓட்டுவார். நமக்கு அந்தத் தயக்கம் வருவதில்லை என்பதால், ஊரில் பழகிய கையும் காலும் தாமாகவே ஊர் வழக்கப்படி இயங்கத் தொடங்கிவிடுகின்றன. புதிதாக வந்த தமிழர்களுக்கு நேரும் சாலைத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தப் பொய்யான பழக்கத்தால் வருவது என்பதே என் கணிப்பு. ஆகவே கீழே வரும் படிகளில் கற்க வேண்டியவற்றுக்கு நிகராக, கைவிட வேண்டியவற்றுக்கும் இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: உரிமமும் காப்பீடும்

இந்திய, இலங்கை உரிமங்களைக் கொண்டு, நீங்கள் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே கார் ஓட்டலாம். கார் வாங்கிய நாளிலிருந்தோ முதல் தடவை ஓட்டிய நாளிலிருந்தோ இந்தக் கணக்கு தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் உரிமம் வைத்திருப்பவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து அதைப் பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லாததால், முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் தொடக்கத்திலிருந்து தேர்வெழுதியே ஆக வேண்டும். இது பலருக்குத் தன்மானப் பிரச்சினையாகவே ஆகிவிடுகிறது. அந்தக் கோபத்தில் பத்து மாதங்களைக் கழித்துவிட்டுப் பதினோராவது மாதத்தில் விண்ணப்பிக்காதீர்கள்; செய்முறைத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

வந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் இணையதளத்தில், பயிலுநருக்கான தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். இணையவழியில் கட்டணம் 34 பவுண்டு. அடுத்தது எழுத்துத் தேர்வு. 57 நிமிடங்களில் 50 கேள்விகள், தேர்ச்சிக்கு 43 சரியான விடைகள் வேண்டும். அதே அமர்வில் 14 காணொளித் துண்டுகளைக் காட்டி, சாலையில் அபாயம் உருவாகத் தொடங்கும் கணத்தில் சுட்டியை அழுத்தச் சொல்வார்கள். அதில் 75க்கு 44 வாங்க வேண்டும். அனுபவசாலிகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பகுதியில்தான். அபாயம் உருவாகும் முன்பே அவர்கள் அதை ஊகித்து அழுத்திவிட, கணினி அதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தொடர்ந்து தட்டினாலோ அந்தக் காணொளிக்குப் பூஜ்யம் விழும். ஒரு காலத்தில் கேள்விகளைத் தமிழில் ஒலிவடிவில் கேட்டு விடையளிக்கும் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான்.

செய்முறைத் தேர்வு சுமார் நாற்பது நிமிடம் நடக்கும். சிறு பிழைகள் 15 வரை மன்னிக்கப்படும்; பெரிய பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் தோல்விதான். நம்மவர்கள் தோற்பது கார் ஓட்டத் தெரியாமல் அல்ல. கண்ணாடி பார்க்காமல் தடம் மாறுவது, சந்திப்பில் இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்காதது, சரிவில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருள விடுவது, நிறுத்தக் கோட்டைத் தாண்டி மெல்ல ஊர்ந்துபோய் நிற்பது ஆகியவை தேர்வாளரின் தாளில் ஒவ்வொன்றாக ஏறிவிடும். வழி வெறிச்சோடிக் கிடக்கும்போது தேவையில்லாமல் நின்று தயங்குவதும் இங்கே பிழையே. ஆகவே உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவரிடம் சில வகுப்புகளாவது எடுத்துக்கொள்வது செலவல்ல, சேமிப்பு. ஆட்டோமேட்டிக் காரில் தேர்ச்சி பெற்றால் ஆட்டோமேட்டிக் கார் மட்டுமே ஓட்டலாம் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

12 மாதங்கள் முடிந்த மறுநாள் முதல் நீங்கள் சட்டப்படி பயிலுநர். காரின் முன்னும் பின்னும் 'எல்' பலகை ஒட்டி, 21 வயது நிரம்பிய, மூன்று ஆண்டுகளாக உரிமம் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்ட முடியும். தேர்ச்சி பெற்ற பிறகும் முதல் இரண்டு ஆண்டுகள் சோதனைக் காலமே: அதற்குள் ஆறு தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகி, மறுபடியும் தற்காலிக உரிமம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று முதலிலிருந்து ஏற வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் ஒரே தடவையில் 200 பவுண்டு அபராதமும் ஆறு புள்ளிகளும் கிடைக்கும். சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு வாட்ஸ்அப் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

காப்பீட்டைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஊரில் வண்டிக்குக் காப்பீடு இருந்தால், உரிமம் உள்ள யாரும் அதை எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே காப்பீட்டு ஆவணத்தில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் அந்தக் காரை ஓட்டலாம். "மச்சான், காரைக் கொஞ்சம் தாடா, தமிழ்க் கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று அறை நண்பரின் காரை எடுத்துப்போனால், அது காப்பீடில்லாத ஓட்டம். 300 பவுண்டும் ஆறு புள்ளிகளும் தண்டனை; காரையும் அங்கேயே பறிமுதல் செய்யலாம். ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கக்கூடிய காப்பீடு இணையத்திலேயே கிடைக்கிறது. கடன் கேட்பதற்கு முன்பு அதை எடுத்துவிடுங்கள். சாதாரணக் காப்பீட்டை வைத்துக்கொண்டு உணவு விநியோகத்துக்குப் போகாதீர்கள். அதற்குத் தனிக் காப்பீடு தேவை. மகன் ஓட்டும் காருக்குத் தவணை குறையட்டும் என்று அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவதும் நம் குடும்பங்களில் சாதாரணமாக நடக்கிறது. இந்நாட்டுச் சட்டத்தில் அது மோசடி, விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

இரண்டாம் படி: கைவிட வேண்டியவை

முகப்பு விளக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் அர்த்தம் தலைகீழாகிறது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் எதிரே வருபவர் விளக்கை இரண்டு முறை மினுக்கினால், 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். பிரிட்டனில் அதே மினுக்கலுக்கு ஓட்டுநர்கள் கொடுத்திருக்கும் பொருள் 'நீ முதலில் போ' என்பது. வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஒருவரைப் பார்த்து, 'நான் வருகிறேன், குறுக்கே வராதே' என்று நீங்கள் விளக்கை மினுக்கினால், அவர் நன்றி சொல்லிக் கையை உயர்த்திவிட்டு நேராக உங்கள் முன்னால் திரும்புவார். இருவருமே தாம் செய்தது சரியென்று நம்பிக்கொண்டு மோதிக்கொள்ளும் விபத்து அது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1931 முதல் வெளியாகிவரும், சாலை விதிகளின் அதிகாரபூர்வத் தொகுப்பான நெடுஞ்சாலை நெறிநூலின்படி (ஹைவே கோட்), விளக்கை மினுக்குவதற்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதைத் தவிர வேறு பொருளே கிடையாது. வழக்கம் ஒன்று சொல்கிறது, நூல் வேறொன்று சொல்கிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் நூலைத்தான் பார்க்கும். மினுக்கி வழிவிட்டு, அந்த நம்பிக்கையில் வருபவரின் காரில் வேண்டுமென்றே மோதி இழப்பீடு கேட்கும் கும்பல்களும் இங்கே பிடிபட்டிருக்கின்றன. ஆகவே வழிகேட்டு ஒருபோதும் மினுக்காதீர்கள். பிறர் மினுக்கினால் அதை நம்பிப் புறப்படாமல், வழி உண்மையில் காலியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அடுத்தது ஹார்ன். 'ஒலி எழுப்பவும்' என்று லாரியின் முதுகில் எழுதி வைத்திருக்கும் நாட்டில் ஹார்ன் என்பது ஒரு தகவல். முந்தப் போகிறேன், வளைவில் வருகிறேன், பக்கத்தில் இருக்கிறேன் என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே போவது அங்கே பொறுப்பான ஓட்டம். பிரிட்டனில் அதே ஒலி வசவாகத்தான் காதில் விழும். நின்றுகொண்டிருக்கும் காரிலிருந்து ஹார்ன் அடிப்பதும், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிப்பதும், அபாயத்தைத் தவிர்ப்பதற்காக அல்லாவிட்டால், சட்டத்துக்கே எதிரானவை. பச்சை விழுந்தும் முன்னால் இருப்பவர் அசையவில்லை என்றால் மூன்று நான்கு விநாடி பொறுத்துப் பாருங்கள், அதன்பின் மிக மெல்லிய ஒரு தட்டு போதும்.

சிக்னலில் இடப்பக்கத் திருப்பத்துக்குத் தடையில்லை என்ற 'ஃப்ரீ லெஃப்ட்' இங்கே கிடையாது. பச்சை அம்பு எரியாமல் சிவப்பில் இடப்பக்கம் திரும்பினால் அது சிவப்பு விளக்கை மீறியதாகவே பதிவாகும். பச்சைக்கு முன் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிவதைப் பார்த்துச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அது தயாராவதற்கான நேரம் மட்டுமே. பின்னால் ஆம்புலன்ஸ் வந்தாலும் வழிவிடுவதற்காகச் சிவப்பு விளக்கைத் தாண்டக் கூடாது. ஆம்புலன்ஸ் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். தாண்டியதற்கான அபராதம் உங்களுக்கு வந்து சேரும்.

இடைவெளி என்பது நிரப்பப்பட வேண்டியது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். அண்ணா சாலையில் முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டால் அதற்குள் மூன்று இருசக்கர வாகனங்கள் நுழைந்துவிடும் என்பது உண்மைதான். இங்கே முன்னால் செல்லும் வாகனத்துக்குப் பின் இரண்டு விநாடி தூரம் விட வேண்டும், மழையில் நான்கு விநாடி. முன்னால் செல்பவர் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்தபின் நீங்கள் அதை எட்ட எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு, நடப்பவர்கள். வரிக்குதிரைக் கோடுகள் இங்கே வெறும் சாயம் அல்ல. மஞ்சள் விளக்கு உருண்டைகள் மினுங்கும் கடவையில் யாராவது கால் வைத்துவிட்டால் நின்றே ஆக வேண்டும். காத்து நிற்கிறார்கள் என்றாலே நிற்பதுதான் முறை. 2022 ஜனவரி 29 முதல் நெறிநூலில் இன்னொரு மாற்றமும் வந்தது: ஒரு கிளைத்தெருவுக்குள் திரும்பும்போது, அந்தத் தெருவின் வாயிலைக் கடக்கக் காத்திருப்பவருக்கும் நீங்கள் வழிவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பல ஆண்டுகளுக்கு முன் உரிமம் வாங்கிய உள்ளூர்க்காரர்கள் பலருக்கு இந்த மாற்றம் தெரியாது. நீங்கள் விதிப்படி நின்றதற்காகப் பின்னால் வருபவர் எரிச்சலடைவார், கடக்க வேண்டிய முதியவரும் நம்ப முடியாமல் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படியிருந்தும் நிற்கத்தான் வேண்டும். ஆனால் சட்டென்று பிரேக் போடாமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: புதிதாகக் கற்க வேண்டியவை

ரவுண்டானாதான் இந்நாட்டுச் சாலையின் இலக்கணம். உள்ளே நுழையும்போது வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதி 1966இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரிலும் ஏட்டில் இதே விதிதான்; ஆனால் நடைமுறையில் பேருந்து எதுவோ அதற்கே முதலிடம். பிரிட்டனில் பேருந்தும் காத்திருக்கும், விலையுயர்ந்த காரும் காத்திருக்கும். வலப்பக்கம் யாரும் வரவில்லை என்றால் நிற்காமலே உள்ளே நுழையலாம். நுழைவதற்கு முன்பே தடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: முதல் வெளிவழியில் இடப்பக்கம் போவதானால் இடத் தடமும் இட இண்டிகேட்டரும்; நேராகப் போவதானால், சாலையில் வேறு குறி இல்லாதவரை, இடத் தடமே, நுழையும்போது இண்டிகேட்டர் வேண்டாம்; வலப்பக்கம் போகவோ வந்த வழியே திரும்பவோ வேண்டுமானால் வலத் தடமும் வல இண்டிகேட்டரும். எந்த வழியானாலும், நீங்கள் வெளியேற வேண்டிய வழிக்கு முந்தைய வழியைக் கடந்தவுடன் இட இண்டிகேட்டரைப் போடுங்கள். அதைப் பார்த்துத்தான் நுழைவாயிலில் காத்திருப்பவர் புறப்படுவார். தவறான தடத்தில் மாட்டிக்கொண்டால் குறுக்கே வெட்டாதீர்கள். இன்னொரு சுற்று சுற்றி வந்தால் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை.

சாலை நடுவில் வெள்ளை வட்டம் மட்டும் வரைந்திருக்கும் குட்டி ரவுண்டானாவுக்கும் இதே விதிகள்தான். காலியாக இருக்கிறதே என்று அதன்மேல் ஏறி நேரே போகக் கூடாது. ஸ்விண்டன் நகரில் 1972இல் அமைத்த ஒரு சந்திப்பில் ஐந்து குட்டி ரவுண்டானாக்கள் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி நிற்கின்றன, நடு வட்டத்தில் வாகனங்கள் எதிர்த்திசையில் சுற்றுகின்றன. அங்கே போய்ப் பழக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வேகம் இங்கே மைல் கணக்கு. தெருவிளக்கு உள்ள ஊர்ப்பகுதியில் வேறு பலகை இல்லையென்றால் 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் இந்த அளவு 20 மைலாகக் குறைந்துவிட்டது. லண்டனிலும் பல பகுதிகளில் 20 மைல்தான். வெள்ளை வட்டத்தின் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகையைக் கண்டதும் கட்டுப்பாடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றைச் சாலையில் 60, நடுவே தடுப்புள்ள சாலையிலும் மோட்டார்வேயிலும் 70 என்ற தேசிய உச்சவரம்பையே அது குறிக்கிறது. குறுகிய கிராமச் சாலையில் அந்த 60 மைல் அனுமதிக்கப்பட்ட எல்லைதான், எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கல்ல. வேலியை ஒட்டி வளையும் பாதையில் எதிரே டிராக்டரோ குதிரையோ வரலாம்.

குறுக்கு மறுக்கான மஞ்சள் கோடுகளால் கட்டமிட்ட மஞ்சள் கட்டச் சந்திப்பு லண்டனில் பணம் கறக்கும் இடம். உங்கள் வெளிவழி காலியாக இருந்தால் மட்டுமே கட்டத்துக்குள் நுழைய வேண்டும். வலப்பக்கம் திரும்புபவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அவருடைய வெளிவழி காலியாக இருந்து, எதிரே வரும் வாகனங்களுக்காக மட்டும் காத்திருப்பதானால் கட்டத்துக்குள் நிற்கலாம். முன்னால் உள்ள கார் நகரும் என்ற நம்பிக்கையில் பின்தொடர்ந்து மாட்டிக்கொண்டால், லண்டன் போக்குவரத்து அமைப்பின் சாலைகளில் 160 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. பேருந்துத் தடமும் அப்படியே, பலகையில் உள்ள நேரத்தைப் படிக்காமல் நுழையாதீர்கள். லண்டன் முழுவதற்கும் 2023 ஆகஸ்ட் 29 முதல், அதிகம் புகை விடும் வாகனங்களுக்கான யூலெஸ் கட்டணம் உண்டு. பழைய டீசல் கார் வாங்கும் முன் அதன் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள், இல்லையேல் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. டார்ட்ஃபோர்டில் தேம்ஸைக் கடக்கும்போது சுங்கச் சாவடி எதுவும் கண்ணில் படாது. மறுநாள் நள்ளிரவுக்குள் நீங்களாகவே இணையத்தில் கட்ட வேண்டும்.

நான்காம் படி: உள்ளூர்க்காரர்களைச் சகித்துக்கொள்வது

இவ்வளவும் படித்தபின் பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் எல்லோரும் விதிகளின் வார்ப்பு என்று எண்ணிவிட வேண்டாம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். பிரிட்டனில் அதே ஆண்டில் 1,711 பேர். மக்கள்தொகை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரியது, ஆகவே இங்குள்ள கட்டுப்பாடுகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தினசரி எரிச்சல் வேறு கணக்கு. இங்கே அது பெரும்பாலும் வரிசையையும் முறையையும் பற்றியது.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி போன்ற இடங்களின் பழைய தெருக்களில் இருபுறமும் கார்கள் நிற்க, நடுவே ஒரு கார் போகும் அகலம்தான் மிஞ்சும். தடை யார் பக்கம் இருக்கிறதோ அவர் காத்திருப்பது முறை. இருபுறமும் தடை என்றால் ஒதுங்க இடம் கிடைப்பவர் ஒதுங்க வேண்டும். அங்கே இருவர் கண்ணோடு கண் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை உயர்த்தி நன்றி சொல்வது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் அதைச் செய்யாதவரைப் பற்றி இவர்கள் வீட்டுக்குப் போயும் பேசுவார்கள். புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியது அந்தக் கையுயர்த்தல்.

சாலைப்பணி நடக்கும் இடங்களில் இரண்டு தடங்கள் ஒன்றாகச் சுருங்கும். ஜெர்மனியில் அடைபடும் தடத்தின் கடைசி வரை ஓட்டி, அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக இணைவது சட்டத்திலேயே எழுதப்பட்ட முறை. பிரிட்டனின் நெறிநூலும் மெதுவாக நகரும் நெரிசலில் முறைவைத்து இணைவதையே பரிந்துரைக்கிறது. ஆனால் இங்குள்ளவர்களோ அரை மைலுக்கு முன்பே ஒரே தடத்தில் வரிசை கட்டிவிட்டு, காலியான தடத்தில் வருபவரை வரிசையை வெட்டும் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள். சிலர் இரண்டு தடங்களுக்கும் நடுவே காரை நிறுத்தி மறிக்கவும் செய்வார்கள். 'இரு தடங்களையும் பயன்படுத்துக, முறைவைத்து இணைக' என்ற பலகை இருந்தால் தயங்காமல் காலித் தடத்தில் மெதுவாகச் சென்று முனையில் இணையுங்கள். பலகை இல்லாத இடத்தில் ஊரோடு ஒத்துப்போய் வரிசையில் நிற்பதே புதியவருக்கு நல்லது. பொதுவாக விதியின் பக்கம் நிற்பவனாகிய நானே இந்த ஒன்றில் மட்டும் சமரசத்தைச் சொல்கிறேன்.

மோட்டார்வேயில் இடத் தடம் காலியாகக் கிடக்க, நடுத் தடத்தில் 60 மைலில் அசையாமல் செல்லும் கார்களை நாளும் காணலாம். முந்தி முடித்ததும் இடத் தடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. நடுத் தடத்தை ஆக்கிரமிப்பதற்கு 2013 முதல் நூறு பவுண்டும் மூன்று புள்ளிகளும் அபராதமாக விதிக்கலாம். ஆனாலும் பழக்கம் போகவில்லை. அப்படியொருவர் முன்னால் இருந்தால் எரிச்சலில் இடப்பக்கமாக முந்தாதீர்கள். வலத் தடத்துக்கு மாறி முந்திவிட்டு மீண்டும் இடப்பக்கம் வாருங்கள். உங்கள் பின்னால் ஒருவர் மிக நெருங்கி ஒட்டிக்கொண்டு வந்தால், வேகத்தைக் கூட்டி அவரைத் திருப்திப்படுத்தவும் வேண்டாம், பிரேக்கை மிதித்துப் பாடம் புகட்டவும் வேண்டாம். வழி கிடைத்ததும் அவரைப் போகவிடுங்கள். மேலே பலகையில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் அந்தத் தடம் மூடப்பட்டது என்று பொருள். முன்னால் எதுவும் தெரியாவிட்டாலும் உடனே தடம் மாறுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வரும் கடிதங்கள்

ஊரில் சாலையோரத்தில் நிற்கும் காவலரிடம் பேசிப் பார்க்கலாம். இங்கே உங்களைப் பிடிப்பது பெரும்பாலும் கேமரா, அதனிடம் பேச முடியாது. வேகமீறல் என்றால், வழக்குத் தொடர உத்தேசம் என்ற அறிவிப்பு, காரின் பதிவில் உள்ள முகவரிக்கு 14 நாளுக்குள் வரும். ஓட்டியவர் யார் என்று 28 நாளுக்குள் பதிலளிக்க வேண்டும். குறைந்தபட்சத் தண்டனை 100 பவுண்டும் மூன்று புள்ளிகளும். சிறிய மீறலானால், தண்டனைக்குப் பதிலாக விழிப்புணர்வு வகுப்புக்கு அழைக்கக்கூடும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பதிலே அனுப்பாவிட்டால் ஆறு புள்ளிகள். வீடு மாறிக்கொண்டே இருக்கும் மாணவர்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் இதில்தான் சிக்குகிறார்கள்: கடிதம் பழைய முகவரிக்குப் போய், அங்கே யாரோ அதைக் குப்பையில் போட்டு, கடைசியில் நீதிமன்ற அறிவிப்பாக வளர்ந்து வந்து நிற்கும். வீடு மாறிய அன்றே உரிமத்திலும் காரின் பதிவேட்டிலும் முகவரியை மாற்றுங்கள். இரண்டும் தனித்தனி வேலைகள், இரண்டுக்கும் கட்டணமில்லை.

வாகன நிறுத்த அபராதங்களில் இரு வகை உண்டு. ஒன்று உள்ளாட்சி மன்றம் விதிப்பது. மற்றது பல்பொருள் அங்காடி போன்ற தனியார் இடங்களை நிர்வகிக்கும் நிறுவனங்கள் அனுப்பும் கட்டணக் கோரிக்கை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அனுப்பியவர் யார் என்பதை முதல் வரியிலேயே பாருங்கள். நியாயமில்லை என்று தோன்றினால் முறையீடு செய்யும் வழி இரண்டிலும் உண்டு, ஆனால் எதையும் பிரிக்காமல் அலமாரியில் வைக்கக் கூடாது.

ஆறாம் படி: ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது

பிரிட்டனில் ஓட்டப் பழகிய தமிழ்க் குடும்பங்கள் அடுத்துச் செய்வது, ஃபோக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றி 35 நிமிடத்தில் கலே இறங்கி, பாரிஸின் லா ஷபெல் கடைத்தெருவுக்கோ ஜெர்மனியின் ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கோ போவது. இப்போது பக்கமும் மாறுகிறது. அதைவிட முக்கியமாக, பிரிட்டனில் கற்ற பல பழக்கங்களை மறுபடியும் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. பிரான்சின் ஊர்ப்பகுதிகளில், வேறு குறி இல்லாத சந்திப்பில், வலப்பக்கத் தெருவிலிருந்து வருபவருக்கே முதலுரிமை. அது எவ்வளவு சிறிய சந்தாக இருந்தாலும் சரி. சாய்சதுர மஞ்சள் பலகை இருந்தால் மட்டும் உங்கள் சாலைக்கு முதலுரிமை என்று பொருள். ஜெர்மனியின் குடியிருப்புத் தெருக்களிலும் இதே முறைதான். விளக்கு மினுக்கலோ, ஐரோப்பியப் பெருநிலத்தில் மீண்டும் நம் ஊர்ப் பொருளுக்கே திரும்பிவிடுகிறது: ஆட்டோபான் எனும் ஜெர்மன் நெடுஞ்சாலையின் இடத் தடத்தில் பின்னாலிருந்து மினுக்கினால் 'விலகு' என்றுதான் அர்த்தம், உடனே வலப்பக்கம் ஒதுங்குங்கள்.

பிரெஞ்சு நெடுஞ்சாலையில் உச்சவரம்பு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. இங்கிலாந்தில் அனுமதிக்கப்படும் மது அளவு பிரான்சில் குற்றமாகிவிடும், ஆகவே ஓட்டுபவர் குடிக்கவே கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் காரில் இருக்க வேண்டும். 2021 செப்டம்பர் 28 முதல் பழைய 'ஜிபி' ஒட்டி செல்லாது, 'யூகே' ஒட்டி வாங்குங்கள். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசாதிருக்க அதன் மேல் ஒட்டும் பட்டைகளும் தேவை. சுவிட்சர்லாந்து வரை போவதானால் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் ஆண்டுக் கட்டண வில்லை (விக்னெட்) வாங்க வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கும் அதே 40தான்.

பெரிய சாலைகளில் பக்கம் தவறுவது அரிது, மற்ற வாகனங்கள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதும், விடியற்காலையில் வெறிச்சோடிய ஊர்ச் சாலையில் திரும்பும்போதும்தான் கை பழைய பக்கத்தைத் தேடும். அத்தகைய இடங்களில் பக்கத்தில் இருப்பவரை 'வலப்பக்கம்' என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். ஃபோக்ஸ்டனுக்குத் திரும்பி வந்து ரயிலைவிட்டு இறங்கியதும் அவரே 'இடப்பக்கம், மைல் கணக்கு' என்று சொல்லட்டும்.